மூன்று அளவீட்டில் பிடிபடும் அலை

கெங்கவல்லிப் பக்கம் குச்சிக்கிழங்குக் காட்டுக்குத் தண்ணீர் இறைக்கும் கிணற்று மோட்டாருக்கு வரும் கரண்ட் வினாடிக்கு 50 முறை ஏறி இறங்குகிறது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை வழியே தென்னக மின்தொகுப்பு மற்றவற்றோடு இணைந்தது முதல், காஷ்மீர் வரை அதே தாளம்தான். தேவை கூடி உற்பத்தி போதாமல் போனால் இந்த எண், அதாவது அதிர்வெண், சரியும். 49.90க்கும் 50.05க்கும் இடையே அது நிற்க வேண்டும் என்பது விதி. பெரிய சரிவு வந்தால் ரிலே எனும் காப்புக் கருவிகள் உடனே கண்டறிந்து, ஊர்களுக்கு மின்சாரம் கொண்டுசெல்லும் ஃபீடர்கள் சிலவற்றைத் துண்டித்தாக வேண்டும்; தாமதித்தால் மொத்தத் தொகுப்பும் விழக்கூடும்.

உடனே என்றால் எவ்வளவு உடனே? வோல்டேஜ் தூய சைன் அலையாக இருந்தால், அதிர்வெண்ணை அறிய அதன் மூன்றே அளவீடு போதும். சம இடைவெளியில் எடுத்த மூன்றில் முதலாவதையும் மூன்றாவதையும் கூட்டி, நடு அளவீட்டின் இரு மடங்கால் வகுத்தால், ஓர் இடைவெளியில் அலை நகர்ந்த கோணத்தின் கொசைன் கிடைத்துவிடும். அலையின் உயரமோ தொடக்கமோ தெரிய வேண்டியதில்லை. எனக்கு இன்றும் வியப்பளிக்கும் கணக்கு இது.

ஒரு மில்லிவினாடிக்கு ஒன்றாக 100.4, 191.0, 262.9 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். 363.3ஐ 382ஆல் வகுத்தால் 0.951, கோணம் 18 பாகை. ஒரு மில்லிவினாடிக்கு 18 என்றால் முழுச் சுற்றுக்கு 20 மில்லிவினாடி, அதாவது 50 ஹெர்ட்ஸ்.

இப்போது மூன்றாவது அளவீட்டில் ஒரே ஒரு வோல்ட் பிசகி 263.9 என்று பதிவாகட்டும். விடை 48.6 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். தொகுப்பு நலமாக இருக்கும்போதே ரிலே ஊர்களை இருட்டாக்கிவிடும். மோட்டார் ஓடத் தொடங்கும்போதும் நிற்கும்போதும் வோல்டேஜ் துள்ளும் கிராமத்து லைனில் ஒரு வோல்ட் பிசகு சாதாரணம்.

இடைவெளியை ஓரளவு நீட்டினால் பிழை குறையும். ஆனால் 10 மில்லிவினாடியைத் தாண்டினால் வேறொரு அதிர்வெண்ணும் அதே எண்களைத் தந்து ஏமாற்றும். ஆகவே அளவீடுகளைப் பெருக்குவதே வழி. ஒருபக்கம் சாயாத எந்த மதிப்பீட்டுக்கும் பிழை இதற்குக் கீழே போகாது என்ற எல்லையை, 1945இல் கல்கத்தாவில் இருந்த இளம் புள்ளியியலாளர் சி.ஆர். ராவ் நிறுவினார். அதை அதிர்வெண்ணுக்குப் பொருத்தினால், அதே இடைவெளியில் பத்து மடங்கு அளவீடு எடுக்கும்போது பிழை ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்காகும். வேறு பல அளவுகளைச் சராசரி எடுக்கும்போது இதே உழைப்புக்கு மூன்றில் ஒரு பங்காகத்தான் குறையும்.

அளவீடு சேரச் சேர நேரமும் ஓடும். ஐந்து சுற்றுக்குக் காத்திருந்தால் 100 மில்லிவினாடி போய்விடும்; அதற்குள் சரிவு ஆழமாகியிருக்கும், கிடைக்கும் விடையும் அந்த நேரத்தின் சராசரியாகவே இருக்கும். அதனால்தான் ரிலேயை வடிவமைப்பவர்கள் சில சுற்றுகளோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.