பூனையும் கடல் கடக்குமா?

வெளிநாட்டில் உழைக்கும் வாப்பாவிடமிருந்து, "எல்லோரும் வந்து சேருங்கள்" என்று செய்தி வருகின்றது. வீடெங்கும் ஒரே குதூகலம். உம்மா பெட்டி அடுக்குகின்றார். அவ்வேளையில் கடைக்குட்டி கேட்கின்றது: "நம்மட பூனைய என்ன செய்யிற, உம்மா?" கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் என நீளும் நம் கரையோர ஊர்களிலே பெரியோர் பலர் இக்கேள்விக்கு விடை கூற இயலாது தடுமாறுவதுண்டு.

பூனையையும் அழைத்துச் செல்லலாம். ஆனால், பயணச்சீட்டை வாங்கிய பின்னர் அதனை நினைத்தால் காலம் போதாது.

இதற்குக் காரணம் விசர்நாய்க்கடி நோயாகும். அது பூனையையும் பற்றும். அறிகுறி தோன்றிய பின் உயிர் தப்புவது மிக அரிது. கிருமி உடலிற் புகுந்து பல வாரங்கள், சில வேளை பல மாதங்கள் மறைந்திருக்கும். ஆதலின், இன்று சுகமாய்த் துள்ளும் பிராணியைக் கண்ணாற் பார்த்து மட்டும் நம்பிவிட முடியாது. பிரித்தானியா முன்னர் இத்தகைய பிராணிகளை ஆறு மாதம் தனிமையில் அடைத்து வைத்தது. 2012ஆம் ஆண்டு முதல், விதிகளை நிறைவேற்றிய இலங்கைப் பிராணிகளுக்கு அச்சிறை இல்லை.

அவ்விதிகளிலே வரிசைதான் முக்கியம். முதலில், தோலின் கீழே அரிசிமணியளவான மைக்ரோசிப் ஒன்றைப் பதிக்க வேண்டும். அதிலுள்ள இலக்கமே பூனையின் அடையாளம். அதன் பின்னரே தடுப்பூசி. அப்போது பூனைக்குப் பன்னிரண்டு வார வயதேனும் ஆகியிருத்தல் வேண்டும். ஊசியை முந்திப் போட்டுவிட்டால் அது கணக்கிற் சேராது. மீண்டும் போட வேண்டும். ஊசி போட்டு 30 நாட்களேனும் கழிந்தபின் இரத்தம் எடுத்து, அங்கீகாரம் பெற்ற ஆய்வுகூடத்திற் சோதிக்க வேண்டும். நோயெதிர்ப்புச் சக்தி மில்லிலீற்றருக்கு 0.5 சர்வதேச அலகாவது இருத்தல் அவசியம். இரத்தம் எடுத்த நாளிலிருந்து மேலும் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். ஆக, நான்கு மாதத்திற்கு மேலாகிறது! யப்பானோ 180 நாட்கள் காத்திருக்கச் சொல்கின்றது. ஐக்கிய அரபு இராச்சியத்திற்குச் செல்வதாயின் முன்கூட்டியே இறக்குமதி அனுமதி பெற வேண்டும்.

இவற்றோடு, புறப்படுமுன் நம் நாட்டு அரசாங்க மிருக வைத்தியரின் சுகாதாரச் சான்றிதழும் தேவை. பிரித்தானியாவுக்கு விமானத்திற் செல்லும் பூனை, பிள்ளையின் மடியில் அமர்ந்து செல்ல முடியாது. சரக்காகவே சென்று இறங்கும். விதிகள் நாட்டுக்கு நாடு வேறுபடும், காலத்துக்குக் காலம் மாறும். ஆதலின், வீசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே அந்நாட்டு அதிகாரிகளிடம் பூனையைப் பற்றியும் விசாரித்துக் கொள்வதே அறிவுடைமை.

முதுமையாலோ செலவாலோ அழைத்துச் செல்ல முடியாத பூனைகளும் உண்டு. அவற்றைச் சந்தையடியில் விட்டுச் செல்லுதல் தீர்வாகாது. பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண்ணின் கதையைக் குர்ஆன் மத்ரசாவிற் கேட்டு வளர்ந்தவர்களல்லவா நாம்? தடுப்பூசி போட்டு, பெரியம்மா வீட்டிலோ அயல் வீட்டிலோ பொறுப்பாக ஒப்படைத்துச் செல்வோம். அப்போது கடைக்குட்டியின் கேள்விக்கும் தலைநிமிர்ந்து விடை கூறலாம்.