உங்களுக்குத் தெரியுமா? கண்ணாடிக்கு ஏன் வியர்க்கிறது?

● ஜன்னல் கண்ணாடியில் நீர் பூத்திருக்கிறதா? துணியை எடுப்பதற்கு முன் விரலால் தொட்டுப் பாருங்கள். ஈரம் உள்பக்கமா, வெளிப்பக்கமா என்பதைப் பொறுத்து வைத்தியமே மாறும்.

● சென்னையில் ஏ.சி. அறையின் ஜன்னல் நனைவது வெளிப்பக்கத்தில்தான். புழுக்கமான இரவில் கடலோரக் காற்றின் பனிநிலை 25 டிகிரியை ஒட்டி இருக்கும். கண்ணாடி அதற்குக் கீழே குளிர்ந்தால் போதும், காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் நீராகப் படிந்துவிடும். ஏ.சி.யை 18-லிருந்து 26-க்கு ஏற்றிப் பாருங்கள். கண்ணாடியும் காயும், கரண்ட் பில்லும் இறங்கும்.

● மார்கழி ஊட்டியிலும் குளிர்கால லண்டனிலும் கதை தலைகீழ், ஈரம் உள்பக்கம். 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 17 கிராம் நீராவியைத் தாங்கும். 0 டிகிரியில் 5 கிராம்கூடத் தாங்காது. தாங்காத மிச்சம்தான் கண்ணாடியில் வழிகிறது.

● அவ்வளவு நீராவி எங்கிருந்து வருகிறது? மூச்சு, வெந்நீர்க் குளியல், வீட்டுக்குள் காயப்போடும் துணி. பலரும் சந்தேகப்படாத ஆள் ஒன்று உண்டு: கேஸ் அடுப்பு. 1 கிலோ எரிவாயு எரிந்தால் ஏறக்குறைய ஒன்றரை கிலோ நீராவி பிறக்கும். 14.2 கிலோ சிலிண்டர் தீரும்போது 20 லிட்டருக்கு மேல் தண்ணீர் காற்றில் கலந்திருக்கும், அதாவது ஒரு தண்ணீர் கேன்! குழம்பு கொதிக்கும் ஆவி இதில் சேர்த்தியில்லை. மூடி போட்டுச் சமையுங்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் அழகுக்கு வைத்ததல்ல.

● ஜெர்மானியர்கள் உறைபனியிலும் ஜன்னல்களை விரியத் திறந்து, 5 முதல் 10 நிமிடத்தில் மூடிவிடுவார்கள். ஈரக்காற்று வெளியேறிவிடும், சுவரில் சூடு மிச்சமிருப்பதால் அறை சீக்கிரமே கதகதப்பாகும். சென்னையில் இதைச் செய்தால் ஈரம் உள்ளேதான் வரும்.

● தடித்த திரைச்சீலை அறையின் சூடு கண்ணாடியை எட்டாமல் தடுக்கும். குளிர் ஊர்களில் காலையில் திரையை விலக்கினால் தண்ணீர் வழிவது அதனால்தான்.

● இரட்டைக் கண்ணாடி ஜன்னலுக்கு அமெரிக்காவில் தாமஸ் ஸ்டெட்சன் 1865-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் மங்கலாகத் தெரிந்தால் விளிம்பின் அடைப்பு விட்டுப்போயிற்று என்று பொருள். எத்தனை துடைத்தாலும் போகாது. கண்ணாடியையே மாற்ற வேண்டும்.