பரீட்சைக்கு வராத கேள்வி



உங்களில் எத்தனை பேர் கங்கைகொண்ட சோழபுரம் போயிருக்கிறீர்கள்? அரியலூர், பெரம்பலூர் பக்கத்துப் பிள்ளைகள் என்றால் பள்ளிச் சுற்றுலாவில் கட்டாயம் போயிருப்பீர்கள். சுமார் 180 அடி உயர விமானம், பெரிய நந்தி, சிங்கக் கிணறு எல்லாம் பார்த்துவிட்டு, புல்தரையில் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டிருப்பீர்கள்.

2004-ஆம் ஆண்டு அந்தக் கோயிலை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தது. அப்போது அந்த ஊர் பெரம்பலூர் மாவட்டத்தில் இருந்தது. 2007-இல்தான் அரியலூர் மீண்டும் தனி மாவட்டமானது. அந்த 2004-இல் என் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போனேன். என் மகளும் அதே வகுப்பில்தான் படித்தாள். வீட்டில் நான் அம்மா, வகுப்பில் டீச்சர்!

கோயில் நிழலில் எல்லோரையும் உட்கார வைத்துப் பாடம் சொன்னேன். "முதலாம் இராஜேந்திர சோழன் ஈழம் முழுவதையும் வென்றான். கங்கை வரை படை அனுப்பினான். அந்த வெற்றிக்காகக் கட்டிய தலைநகரம் இது. நோட்டில் எழுதிக்கோங்க."

என் மகள் கை தூக்கினாள். "டீச்சர், ஈழத்தை ஜெயிச்சோம்னு சொல்றீங்களே, அங்க இருந்த பிள்ளைங்க எல்லாம் என்ன ஆனாங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் மனம் வரவில்லை. "அதெல்லாம் பரீட்சைக்கு வராது, உட்காரு" என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் முகம் சுருங்கி உட்கார்ந்துவிட்டாள்.

கடல் கடந்த பயணம்

காலம் ஓடியது. நான் ஓய்வு பெற்றேன். மகள் வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கிறாள். ஒருநாள் இரண்டு விமான டிக்கெட்டுகளைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"அம்மா, இலங்கைக்குப் போறோம். பொலன்னறுவையப் பாக்கணும். நீ எனக்கு ஒரு பதில் பாக்கி வச்சிருக்க!"

அவள் மறக்கவே இல்லை, பார்த்தீர்களா?

திருச்சியில் விமானம் ஏறிக் கொழும்பில் இறங்கினோம். அங்கிருந்து பேருந்தில் வடகிழக்கே பல மணி நேரப் பயணம். பொலன்னறுவை பழைய நகரம் பரந்து கிடக்கிறது. நடந்து பார்த்து முடியாது. வாடகை சைக்கிள் எடுத்துக்கொண்டோம். பல வருடம் பள்ளிக்கூடத்துக்கு சைக்கிள் மிதித்த கால்கள் அல்லவா? மகளுக்கு முன்னால் நான் போனேன்!

நம் ஊர்க் கோயிலின் குட்டி

முதலில் போனது ஒரு சிவன் கோயிலுக்கு. இரண்டாம் சிவ தேவாலயம் என்று அங்கே பெயர். அடி முதல் உச்சி வரை கல்லால் கட்டிய சிறிய கோயில். விமானத்தையும் மாடங்களையும் பார்த்ததும் மகள், "நம்ம ஊர் கோயில் குட்டி போட்ட மாதிரி இருக்கும்மா!" என்றாள்.

உண்மைதான். சோழர்கள் கட்டிய கோயில் அது. வானவன் மாதேவி என்ற சோழ அரசியின் பெயரால் வானவன் மாதேவி ஈசுவரம் என்று அழைக்கப்பட்டது. சுவரில் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. அந்நிய நாட்டில், சுமார் ஆயிரம் ஆண்டுப் பழமையான கல்லில் நம் எழுத்து! எழுத்துக் கூட்டி இரண்டு மூன்று சொற்களைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மகள் என்னையே பார்த்தாள். "சரி டீச்சர், இப்ப சொல்லுங்க. சோழர் இங்க எப்படி வந்தாங்க?"

பயணத்துக்கு முன் நானும் படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். கோயில் படியில் உட்கார்ந்து சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன், கேளுங்கள்.

இலங்கையின் பழைய தலைநகரம் அனுராதபுரம். ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் தலைநகராக இருந்த ஊர் அது. கி.பி. 993 வாக்கில் முதலாம் இராஜராஜனின் படை அதைத் தாக்கி அழித்தது. சோழர்கள் பொலன்னறுவையைத் தலைநகராக்கி, ஜனநாதமங்கலம் என்று பெயரிட்டார்கள். ஜனநாதன் என்பது இராஜராஜனின் பட்டப் பெயர்.

1017-இல் அவன் மகன் இராஜேந்திரன் மிச்சப் பகுதியையும் வென்றான். சிங்கள மன்னன் ஐந்தாம் மகிந்தன் சிறைபிடிக்கப்பட்டுச் சோழ நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டான். 12 ஆண்டுகள் கழித்து, 1029-இல், சொந்த மண்ணைத் திரும்பப் பார்க்காமலே இறந்துபோனான்.

அரசனின் வெற்றிகளைப் புகழ்ந்து கல்வெட்டின் தொடக்கத்தில் எழுதும் பகுதிக்கு மெய்க்கீர்த்தி என்று பெயர். இராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி, ஈழத்து அரசனின் முடியையும் அவன் தேவியரின் முடியையும் கைப்பற்றியதைப் பெருமையாகச் சொல்கிறது. அதே நிகழ்ச்சியை இலங்கையின் சூளவம்சம் என்ற பாளி மொழி நூலும் சொல்கிறது. அதில் சோழர்கள் விகாரைகளைக் கொள்ளையடித்தவர்கள்.

ஒரே போர். கதை மட்டும் இரண்டு.

வெள்ளைச் சீருடைப் பிள்ளைகள்

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது வெள்ளைச் சீருடை போட்ட பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். அவர்களுக்கும் பள்ளிச் சுற்றுலா! என்னைப் போலவே ஓர் ஆசிரியை, கையை ஆட்டி ஆட்டி விளக்கினார். சிங்களம் எனக்குப் புரியவில்லை. 'விஜயபாகு' என்ற பெயர் மட்டும் அடிக்கடி காதில் விழுந்தது.

1070-இல் சோழர்களைத் துரத்தி நாட்டை மீட்ட மன்னன் முதலாம் விஜயபாகு. நம் பாடத்தில் இராஜேந்திரன் வீரன். அவர்கள் பாடத்தில் விஜயபாகு வீரன். அவர்கள் பார்வையில் நான் யார்? படையெடுத்து வந்தவர்களின் ஊரிலிருந்து வந்த டீச்சர்! எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. அப்போது ஒரு சிறுமி என்னைப் பார்த்துச் சிரித்துக் கையசைத்தாள். நானும் கையசைத்தேன்.

கல்லில் ஒரு சத்தியம்

அடுத்து விஜயபாகு கட்டிய அடதாகே என்ற கட்டடத்துக்குப் போனோம். பௌத்தர்கள் உயிராகப் போற்றும் புத்தரின் புனிதப் பல்லை வைப்பதற்காகக் கட்டப்பட்டது அது. அதன் அருகே ஒரு பெரிய கல்வெட்டு நிற்கிறது. அதுவும் தமிழ்!

எழுதியவர்கள் யார் தெரியுமா? வேளைக்காரர் என்ற போர்வீரர்கள். விஜயபாகு காலமான பிறகு, புத்தரின் பல் இருக்கும் அந்தக் கோயிலை உயிரைக் கொடுத்தாவது காப்போம் என்று சத்தியம் செய்து, தமிழில் கல்லில் வெட்டி வைத்தார்கள். தமிழ்ப் படை வந்து அழித்ததும் உண்மை. பின்னாளில் தமிழில் சத்தியம் செய்து காவல் நின்றதும் உண்மை. என் 35 வருட வாத்தியார் வேலையில் இந்த இரண்டாவது உண்மையை ஒருநாளும் வகுப்பில் நான் சொன்னதில்லை.

பதில்

மாலையில் பராக்கிரம சமுத்திரத்தின் கரையில் சைக்கிளை நிறுத்தினோம். பெயர்தான் சமுத்திரம், அது ஓர் ஏரி! 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் பெயர் சொல்லும் ஏரி. ஒரே பாறையில் செதுக்கிய 46 அடி நீளப் படுத்த புத்தர் சிலையும் அவன் காலத்தில் உண்டானதுதான்.

"பாப்பா, நீ கேட்டியே, அந்தப் பிள்ளைங்க என்ன ஆனாங்கன்னு" என்றேன். "மெய்க்கீர்த்தியில ராஜாக்களுக்குத்தான் இடம், பிள்ளைங்களுக்கு இல்ல. ஆனா அவங்க பேரன் பேத்திங்கதான் இந்த ஏரிக்கு மண் சுமந்திருப்பாங்க. அந்தச் சிலையைச் செதுக்கியிருப்பாங்க. அன்னைக்கு 'எனக்குத் தெரியாது, தேடிப் பாப்போம்'னு சொல்லியிருக்கணும். உன்னை உட்கார வச்சது என் தப்புதான்."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வென்ற ஊரும் மேடானது

ஊர் திரும்பியதும் இருவரும் கங்கைகொண்ட சோழபுரம் போனோம். இந்த முறை கோயிலோடு நிற்காமல் பக்கத்திலுள்ள மாளிகைமேட்டுக்கும் போனோம். உலகை வென்றவனின் அரண்மனை இருந்த இடம். இன்று அகழாய்வில் வெளிப்பட்ட செங்கல் சுவர்கள்தான் மிச்சம். 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது இந்தக் கோயிலின் சுற்றுச்சுவர்க் கற்களையும் பெயர்த்துக்கொண்டு போனார்கள். தோற்ற ஊர் மட்டுமல்ல, வென்ற ஊரும் ஒருநாள் மேடாகிறது.

மாணவச் செல்வங்களே! இராஜேந்திரனின் கோயிலைப் பார்த்துப் பெருமைப்படுங்கள். நானும் பெருமைப்படுகிறேன். கூடவே, "எதிர்ப்பக்கம் இருந்தவர்கள் என்ன ஆனார்கள்?" என்றும் கேளுங்கள். பெரியவர்கள் யாராவது உங்களை உட்காரச் சொன்னால் வருத்தப்படாதீர்கள். கேள்வியை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். என் மகளைப் போல ஒருநாள் அதைத் தேடிப் புறப்படுங்கள்.

போகும்போது உங்கள் டீச்சரையும் கூட்டிக்கொண்டு போங்கள்!