பெங்களூரை அதிர வைத்த 'அயர்ன் மெய்டன்': முன்னாடி வாசிச்ச டெல்லி குழுவுக்கு அடித்த யோகம்!

பெங்களூர்:
பெங்களூர் அரண்மனை மைதானத்தில் 2007-ம் ஆண்டு மார்ச் 17-ந்தேதி நடந்த ராக் கச்சேரியை இசை ரசிகர்கள் இன்றும் மறக்கவில்லை. இங்கிலாந்தின் பிரபல 'அயர்ன் மெய்டன்' குழு இந்தியாவில் முதன்முதலாக மேடை ஏறியது அன்றுதான். பல ஊர்களில் இருந்தும் இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் திரண்டனர்.

ஆனால் அன்று யோகம் அடித்தது, அவர்களுக்கு முன்னாடி வாசித்த டெல்லி குழுவுக்குத்தான்.

முன்னாடி வாசிப்பது ஏன்?
கோவில் திருவிழா கச்சேரியில் பெரிய பாடகர் வரும் முன்பு உள்ளூர்க்காரர் நாலு பாட்டு பாடுவார் இல்லையா? அதே கதைதான். ராக் கச்சேரியில் இதை 'சப்போர்ட் ஆக்ட்' என்கிறார்கள்.

மதியமே மைதானத்துக்கு வந்து கால் கடுக்க நிற்கும் கூட்டத்தை சோர்ந்து போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பெரிய குழு வரும்போது கூட்டம் சூடேறி இருக்க வேண்டும். புதுக்குழுவுக்கும் பெரிய கூட்டம் முன்பு வாசிக்க வாய்ப்பு கிடைக்கும்.

ஆனால் இது லேசுப்பட்ட வேலை இல்லை. கூட்டம் வந்திருப்பது வேறு ஆளுக்காக. பிடிக்கவில்லை என்றால் "இறங்குடா" என்று கத்தி விடுவார்கள். மானம் போய்விடும்.

மகளும் பாடினார்
பெங்களூரில் இந்த சோதனையை சந்தித்தவர்கள் 2 பேர். ஒருவர் பாடகி லாரன் ஹாரிஸ். அயர்ன் மெய்டனை 1975-ல் தொடங்கிய பேஸ் கிடார் கலைஞர் ஸ்டீவ் ஹாரிசின் மகள் இவர்.

இன்னொன்று 'பரிக்ரமா' குழு. டெல்லியில் 1991-ல் தொடங்கப்பட்டது. கிடார், டிரம்சுடன் வயலின், தபேலாவையும் கலந்து வாசிப்பது இவர்கள் பாணி.

இங்கிலாந்து அழைப்பு
பெங்களூரில் வாசித்ததன் பலன் உடனே கிடைத்தது. அயர்ன் மெய்டன் தரப்பே பரிக்ரமாவை இங்கிலாந்துக்கு அழைத்தது. அதே ஆண்டு ஜூன் மாதம் டோனிங்டன் பார்க்கில் நடந்த 'டவுன்லோடு' இசை விழாவில் அவர்கள் வாசித்தார்கள். அந்த விழாவின் முக்கிய குழுக்களில் ஒன்று அயர்ன் மெய்டன். 3 மாதத்துக்குள் பெங்களூர் மேடையில் இருந்து இங்கிலாந்து மேடைக்கு!

அயர்ன் மெய்டன் மீண்டும் 2008-ல் மும்பைக்கும், 2009-ல் பெங்களூருக்கும் வந்தது.

அன்று பரிக்ரமாவில் கிடார் வாசித்த சோனம் ஷெர்பா, 2020-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் மாரடைப்பால் காலமானார். குழு தொடங்கிய நாள் முதல் அதில் இருந்தவர் அவர் என்பது குறிப்பிடத்தக்கது.