ரீஸ்டார்ட் கொடுத்தால் எழாத சர்வர்

2001 பிப்ரவரி 28-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்ட பிறகு, கோலார் தங்கவயலின் பிழைப்பு மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூரு போகும் ரயிலில் ஏறிவிட்டது. சுரங்கத் தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகள் கணினி படிக்கிறார்கள். அவர்களைப்போல வீட்டுக் கணினியில் சாம்ப் என்ற மென்பொருள் தொகுப்பை நிறுவி, அதிலுள்ள அப்பாச்சி வெப் சர்வரை ஓட்டிப் பழகுகிறவர்களுக்கு ஒரு தொல்லை எப்படியும் வரும். நேற்றுவரை ஓடிய சர்வர், ரீஸ்டார்ட் கொடுத்ததும் எழாது. உடனே எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி நிறுவாதீர்கள்; எழுதிய பக்கங்களும் சேர்ந்து போய்விடும்.

ரீஸ்டார்ட்டுக்குள் இரண்டு வேலைகள் இருக்கின்றன: ஓடும் ப்ராசஸை நிறுத்துவது, புதியதைத் தொடங்குவது. வெப் சர்வரின் வழக்கமான போர்ட் 80. அதில் ஏற்கெனவே ஒரு ப்ராசஸ் காத்திருந்தால் இயங்குதளம் பொதுவாக இன்னொன்றை அங்கே விடாது. ரயில் இருக்கையில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோலத்தான். பழைய ப்ராசஸ் சாகாமல் தொங்கினாலும், வேறு மென்பொருள் முந்திக்கொண்டாலும் அப்பாச்சிக்கு இடமில்லை. இதே கோளாறுக்கு விண்டோஸ் தரும் பிழை எண் 10048, லினக்ஸ் தருவது 98, மேக் தருவது 48.

விண்டோஸில் நெட்ஸ்டாட் கட்டளை போர்ட்டைப் பிடித்திருக்கும் ப்ராசஸின் எண்ணைக் காட்டும். அது அப்பாச்சியின் பழைய ப்ராசஸ் என்றால் டாஸ்க் மேனேஜரில் முடித்துவிடலாம். எண் 4 என்றால் கைவைக்காதீர்கள். அது விண்டோஸின் சொந்த ப்ராசஸ். அதன் வழியாகப் பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட்டின் ஐஐஎஸ் வெப் சர்வர் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும். அந்தச் சேவையை நிறுத்துங்கள், இல்லையென்றால் அப்பாச்சியை 8080-க்கு மாற்றுங்கள். முகவரியில் அந்த எண்ணையும் சேர்த்துத் தட்ட வேண்டும், அவ்வளவுதான்.

திடீரென்று கரண்ட் போனால் வேறொரு சிக்கல் வரலாம். ப்ராசஸ் எண்ணைக் குறித்துவைத்த பிஐடி கோப்பு அழியாமல் கிடக்கும். கணினி மறுபடி எழுந்தபின் அதே எண் வேறு நிரலுக்குப் போயிருந்தால், சர்வர் ஓடுவதாகவே அப்பாச்சி நம்பிவிடக்கூடும். சர்வர் உண்மையில் ஓடவில்லை என்று உறுதிசெய்துகொண்டு அந்தக் கோப்பை நீக்கினால் போதும்.

அமைப்புக் கோப்பில் மேற்கோள் குறி ஒன்று விட்டுப்போனாலும் சர்வர் எழாது. ஆகவே ஓடும் சர்வரை நிறுத்துவதற்கு முன்பே அமைப்பைச் சோதித்துப் பாருங்கள். தவறு எந்த வரியில் என்று அப்பாச்சியே சொல்லும். எதில் கைவைப்பதானாலும் முதலில் எரர் லாக் கோப்பின் கடைசி வரிகளைப் படியுங்கள்.