பனியின் பதம்

குரும்பலூர்ப் பக்கம் பருத்தி எடுப்பு முடிந்த வீடுகளில், எடை போடும் நாள்வரை ஒரு மூலை முழுக்கப் பருத்தி குவிந்து கிடக்கும். பிள்ளைகள் ஓடிவந்து அதில் குதிப்பார்கள். விழுந்தால் வலிக்காது. எழுந்து நடக்கப் பார்க்கும்போதுதான் சங்கடம். காலை ஊன்ற ஊன்ற உள்ளே போகும். கையை ஊன்றினால் கையும் போகும். நாலடி எடுத்து வைப்பதற்குள் மூச்சு வாங்கிவிடும்.

இதே பருத்தியை ஒரு மலைச்சரிவு முழுக்க இடுப்பளவுக்குக் கொட்டிப் பரப்பியிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். கண்ணெட்டும் தூரம்வரை ஒரு கால்தடம் இல்லை. இரண்டு பலகைகளைக் காலில் மாட்டிக்கொண்டு ஒருவர் உச்சியிலிருந்து வளைந்து வளைந்து இறங்குகிறார். புதையவில்லை, உருளவில்லை. முழங்கால்வரை வெண்புழுதி பறக்கிறது, சத்தமே இல்லை. காஷ்மீரின் குல்மார்க்கில் குளிர்காலம்தோறும் காணக்கூடிய காட்சி இது.

நமக்குப் பனி என்றால் மார்கழி விடியலில் சோளத்தட்டையில் கோத்து நிற்கும் நீர்த்துளி. ஊட்டிக்குப் போனவர்கள் புல்மேல் உறைபனி பார்த்திருப்பார்கள். நீலகிரியின் தொட்டபெட்டா உச்சி 2,637 மீட்டர். குல்மார்க்கின் புல்வெளி ஏறத்தாழ அதே உயரத்தில்தான் இருக்கிறது. ஆனால் குல்மார்க்கில் அந்த உயரம் அடிவாரம். அதற்குமேல்தான் அஃபர்வட் மலை தொடங்குகிறது. அங்கே 'கோண்டோலா' எனப்படும் கம்பிவட வண்டி இரண்டு கட்டமாக ஏறுகிறது. முதல் கட்டம் 1998-இல் திறக்கப்பட்டது. கொங்தூரி என்ற இடம்வரை போகும். 2005-இல் வந்த இரண்டாம் கட்டம் ஏறத்தாழ 3,950 மீட்டர் உயரத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து புல்வெளிவரை 1,300 மீட்டர் இறக்கம். நம் பச்சைமலையின் முழு உயரத்தைவிடக் கூடுதல். அந்த உச்சியில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. பலகை மாட்டக் குனிந்து நிமிர்ந்தாலே மூச்சு முட்டும்.

உழுத பனி, உழாத பனி

உலகின் பெரும்பாலான பனிச்சறுக்குத் தளங்களில் இரவானால் ஒரு இயந்திரம் இறங்கும். டாங்கியைப் போலச் சங்கிலிப் பட்டையில் நகரும். முன்னால் மண் தள்ளும் தகடு போன்ற ஒன்று இருக்கும். பின்னால் பற்கள் கொண்ட உருளை சுழலும். நம் டிராக்டர் பின்னால் ஓடும் ரோட்டவேட்டரின் பனி வடிவம் என்று சொல்லலாம். பகலில் மக்கள் சறுக்கிக் குழித்ததை அது நிரவி, பொடியாக்கி, அழுத்திவிட்டுப் போகும். பொடியான பனித்துகள்கள் இரவுக்குள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகும். மழைக்காலத்தில் ஜாடி உப்பு கட்டி தட்டுவதைப் போல. காலையில் பார்த்தால் சால் சாலாகக் கோடிட்ட கெட்டியான தரை.

புதிதாக விழுந்த பனி ஒரு கன மீட்டருக்கு 50 முதல் 100 கிலோதான் இருக்கும், மீதியெல்லாம் காற்று. இயந்திரம் அழுத்திய பனியோ ஏறத்தாழ 500 கிலோ. உதிரிப் பருத்திக்கும் இயந்திரத்தில் அழுத்திக் கட்டிய பேலுக்கும் உள்ள வேறுபாடுதான். பேல்மேல் யாரும் நடந்துவிடலாம். உதிரிப் பருத்திமேல் நடப்பதற்குத்தான் வித்தை வேண்டும்.

இயந்திரம் தொடாத இந்தப் பனியைப் பனிச்சறுக்கு விளையாட்டுக்காரர்கள் 'பவுடர்' என்பார்கள். அதைத் தேடியே சிலர் உலகைச் சுற்றுகிறார்கள். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், சுப்பீரியர் ஏரிக்குள் நீண்டு கிடக்கும் கீவினா தீபகற்பத்தின் ஒதுக்குப்புறத்தில், மவுண்ட் பொஹீமியா என்றொரு குன்று இருக்கிறது. 2000-இல் திறந்தார்கள். இறக்கம் 900 அடிதான். அஃபர்வட்டோடு ஒப்பிட்டால் சிறு மேடு. ஆனால் செப்பனிடாத சரிவுக்கும் மரங்களுக்கு நடுவே இறங்கும் பாதைக்கும் அது பெயர்பெற்றது. புதிதாகக் கற்பவர்களுக்கு இங்கே இடமில்லை என்பதை அவர்கள் விளம்பரமாகவே எழுதிவைத்தார்கள்.

அந்தச் சிறு குன்றில் பனி கொட்டுவதற்குக் காரணம் ஏரிதான். தமிழ்நாட்டின் பரப்பில் ஐந்தில் மூன்று பங்குக்கும் மேல் விரிந்த நீர்ப்பரப்பு அது. வடக்கிலிருந்து வரும் கடுங்குளிர்க் காற்று, தன்னைவிட வெதுவெதுப்பான ஏரிநீர்மேல் கடக்கும்போது ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு, கரையேறியதும் பனியாகக் கொட்டுகிறது. வடகிழக்குப் பருவக்காற்று வங்கக்கடலில் ஈரம் வாங்கி நமக்கு மழை தருவதும் இதே கணக்கு. குல்மார்க்குக்கு ஈரம் வருவது இன்னும் தொலைவிலிருந்து. மத்திய தரைக்கடல் பக்கம் உருவாகும் 'மேற்கத்திய இடையூறுகள்' எனப்படும் வானிலைச் சுழல்கள் ஈரான், ஆப்கானிஸ்தான் கடந்து வந்து பீர் பஞ்சால் மலைத்தொடரில் முட்டிக் கொட்டுகின்றன. டிசம்பர் 21-இல் தொடங்கும் நாற்பது நாள் கடுங்குளிரைக் காஷ்மீரிகள் 'சில்லை கலான்' என்கிறார்கள். நமக்கு ஆடிப்பட்டம் எப்படியோ, பனியை நம்பிப் பிழைக்கும் குல்மார்க்குக்கு அது அப்படி.

பலகை ஏன் புதைவதில்லை?

நடவுக்கு முன் வயலில் பரம்படிப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சேற்றில் இறங்கியவர் முழங்கால்வரை புதைகிறார். மாடு இழுக்கும் பரம்புப் பலகைமேல் நிற்பவரோ வழுக்கிக்கொண்டே போகிறார். ஆள் அதே ஆள், எடை அதே எடை. எடையைத் தாங்கும் பரப்புதான் பெருகியிருக்கிறது.

70 கிலோ எடையுள்ளவர் நடக்கும்போது ஒரு பாதம் ஏறத்தாழ 250 சதுர சென்டிமீட்டர். அப்படியானால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 280 கிராம் அழுத்துகிறது. 180 சென்டிமீட்டர் நீளமும் 11 சென்டிமீட்டர் அகலமும் உள்ள இரண்டு பலகைகளில் அவர் ஏறி நின்றால் பரப்பு ஏறத்தாழ 4,000 சதுர சென்டிமீட்டர். அழுத்தம் 18 கிராமுக்கும் கீழே போய்விடுகிறது. பதினாறில் ஒரு பங்கு.

அப்படியும் நின்ற இடத்தில் பலகை கொஞ்சம் அமிழும். வேகம் எடுத்ததும் மேலே வரும். முன்நுனிக்கு அடியில் தள்ளப்படும் பனி பலகையை ஏந்திப் பிடிக்கிறது. விசைப்படகு வேகம் எடுத்ததும் முகப்பைத் தூக்கிக்கொண்டு நீர்மேல் ஓடுவது போல. ஷேன் மெக்கான்கி என்ற சறுக்கு வீரர் இந்த ஒற்றுமையைப் பிடித்துக்கொண்டார். வழக்கமான பலகையின் நடுப்பகுதி வில்லைப் போல மேலே வளைந்திருக்கும். கெட்டிப் பனியில் இரு முனையும் பிடிப்பதற்கு அது உதவும். ஆழ்பனி என்பது தரையைவிடத் தண்ணீருக்கே நெருக்கம் என்று கண்ட அவர், வளைவைத் திருப்பிப் போட்டு, முனைகள் மேலெழும் அகலப் பலகையை 2000-களின் தொடக்கத்தில் கொண்டுவந்தார். இன்று பவுடர் பலகைகள் பெரும்பாலும் அந்த வழியில் வந்தவையே.

கால் வேலையும் மாறுகிறது. கெட்டிப் பனியில் திரும்பும்போது வெளிப்பக்கக் காலில் எடையைப் போட்டு, பலகையின் இரும்பு விளிம்பால் தரையைக் கீறித் திரும்புவார்கள். ஆழ்பனியில் ஒற்றைக் காலில் எடை போட்டால் அந்தப் பலகை மட்டும் மூழ்கி, ஆள் குப்புற விழுவார். இரு காலையும் சேர்த்து, எடையைச் சமமாகப் பகிர்ந்து, ஒரே பலகைமேல் நிற்பவரைப் போல நிற்க வேண்டும். அமிழும்போது முழங்கால் மடங்கும். பனி மேலே தள்ளும் நொடியில் உடம்பு லேசாகும். அந்த நொடியில்தான் திரும்ப வேண்டும். ஏற்றம் இறைத்தவர்கள் அறிந்த தாளம் இது.

விழுந்துவிட்டால்? கையை ஊன்றி எழ முடியாது. பருத்திக் குவியலில் நடந்ததே இங்கும் நடக்கும். கையிலுள்ள இரண்டு கோல்களையும் பனிமேல் பெருக்கல் குறிபோலக் கிடத்தி, அவை சந்திக்கும் இடத்தில் உள்ளங்கையை அழுத்தி எழுவார்கள். பலகையைச் செய்த அதே கணக்குதான்: பரப்பைப் பெருக்கு, புதைவதைத் தடு.

கிணறு வெட்டினால் தெரியும் அடுக்கு

இதுவரை சொன்னது பாதி வித்தை. இதை ஒரு குளிர்காலத்தில் பழகிவிடலாம். மறுபாதி, காலுக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதை அறிவது. உயிர் அதில்தான் இருக்கிறது.

மக்காச்சோளத்தைக் களத்தில் கொட்டினால் ஒரு சாய்வுக்குமேல் குவியல் நிற்காது. மணி மணியாகச் சரிந்து தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும். பனி அப்படியல்ல. அதன் துகள்கள் ஒட்டிக்கொள்வதால் மிகச் செங்குத்தான சரிவிலும் தாங்கி நிற்கும். பிறகு ஒரு கணத்தில் பாளம் பாளமாகப் பெயர்ந்து வரும். சிந்திக் கிடக்கும் சோளமணிகளைக் கூட்டாமல் அவற்றின்மேல் மூட்டைகளை அடுக்கிப் பாருங்கள். அடுக்கு நிற்பதுபோலத்தான் இருக்கும். யாராவது தோள் உரசினால் மொத்தமாக நழுவும். மூட்டையில் குறையில்லை, அடியில் உருளும் மணிகள்தான் குற்றவாளி.

பனிக்குள் அந்த மணிகள் எப்படி வருகின்றன? பனிப்போர்வையின் அடிப்பகுதி தரைச்சூட்டால் பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டியே இருக்கும். தெளிந்த வானமுள்ள இரவுகளில் மேற்பரப்பு அதைவிட வெகுவாகக் குளிர்ந்துவிடும். போர்வை மெல்லியதாக இருந்தால் நீராவி கீழிருந்து மேலே விரைந்து நகரும். வழியில் துகள்கள் உருமாறி, ஒட்டாத, கோணல்மாணலான படிகங்களாக வளரும். கையில் அள்ளினால் சர்க்கரைபோல விரலிடுக்கில் ஒழுகும். அதன்மேல் அடுத்த பெரும் பனி கொட்டி இறுகினால், சோளமணிமேல் மூட்டை அடுக்கியாகிவிட்டது. மேலே சறுக்கி வருபவர்தான் தோள் உரசுபவர். சறுக்குபவர்களைப் புதைக்கும் பனிச்சரிவுகளில் மிகப் பெரும்பாலானவற்றை அவர்களோ அவர்களுடன் வந்தவர்களோதான் கிளப்பிவிடுகிறார்கள். பெரும்பாலும் இது 30 முதல் 45 டிகிரிவரை சாய்ந்த இடங்களில் நடக்கிறது. சறுக்குவதற்கு மிக இன்பமான சாய்வும் அதுதான் என்பதே இதன் துயரம்.

ஆகவே தேர்ந்தவர்கள் இறங்கும் முன் குழி வெட்டுகிறார்கள். கிணறு வெட்டும்போது கரிசல், சுக்கான், பாறை என்று சுவரில் அடுக்குத் தெரிவதுபோல, பனிக்குழியின் சுவரில் ஒவ்வொரு பொழிவும் ஒரு வரியாகத் தெரியும். நம் காரை கிராமத்துப் பள்ளங்களின் மண்ணடுக்கில் பல கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடலின் கதையைப் படிக்கிறார்கள். பனிக்குழியில் படிப்பது சில்லை கலானின் நாற்பது நாள் கதையை.

படித்ததோடு நிறுத்துவதில்லை. குழிச்சுவரில் 30 சென்டிமீட்டருக்கு 30 சென்டிமீட்டர் அளவில் ஒரு தூணை வாளால் அறுத்துத் தனியாக்குவார்கள். அதன் தலையில் மண்வெட்டித் தகட்டை வைத்து, முதலில் மணிக்கட்டை மட்டும் அசைத்துப் பத்துத் தட்டு, பிறகு முழங்கையிலிருந்து பத்து, கடைசியாகத் தோளிலிருந்து பத்து. முப்பது தட்டையும் தாங்கினால் நல்ல அறிகுறி. மணிக்கட்டின் தட்டிலேயே தூணின் மேற்பாதி மேசை இழுப்பறைபோலச் சட்டென்று வெளியே நழுவினால், அந்தச் சரிவில் கால் வைக்கக் கூடாது.

மூன்று கருவி, பத்து நிமிடம்

குல்மார்க்கில் கோண்டோலாவை ஒட்டிய பகுதியைக் காவல் குழு சோதித்துத் திறந்துவிடும். ஆபத்து என்றால் மூடும். அந்த எல்லையைத் தாண்டினால் பொறுப்பு அவரவருடையது. 2023 பிப்ரவரி 1-இல் அஃபர்வட்டில் சரிந்த பனியில் போலந்து நாட்டவர் இருவர் இறந்தார்கள். 19 பேர் மீட்கப்பட்டார்கள்.

எல்லைக்கு வெளியே போகிறவர் மூன்று கருவி இல்லாமல் போகக் கூடாது. 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் துடிக்கும் சிறு வானொலிக் கருவி, புதைந்தவர் இருக்கும் திசையைக் காட்டும். மடித்து நீட்டும் குத்துக்கோல் ஆழத்தைக் காட்டும். மண்வெட்டி தோண்டி எடுக்கும். புதைந்தவரைப் பத்து நிமிடத்துக்குள் எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணியாகிவிட்டால் மூன்று பேர்தான். ஊரிலிருந்து மீட்புக் குழு வந்து சேர்வதற்குள் அந்த நேரம் கடந்துவிடும். கூட வந்த தோழர்தான் காப்பாற்ற வேண்டும். அதனால்தான் சந்தேகமான சரிவை ஒவ்வொருவராகவே கடக்கிறார்கள். ஒருவர் இறங்க, மற்றவர்கள் கண்ணெடுக்காமல் பார்த்து நிற்பார்கள்.

தமிழருக்கு இதெல்லாம் தூரத்து விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். குல்மார்க்கில்தான் இந்திய ராணுவத்தின் உயர்மலைப் போர்ப்பள்ளி இருக்கிறது. 1948-இல் ஒரு பனிச்சறுக்குப் பள்ளியாகத் தொடங்கியது அது. 2016 பிப்ரவரி 3-இல் சியாச்சினில் 19,600 அடி உயரக் காவல்நிலை ஒன்றைப் பனிச்சரிவு மூடியது. புதைந்த பத்து வீரர்களும் மதராஸ் ரெஜிமெண்டின் 19-ஆம் பட்டாலியனோடு அங்கே நின்றவர்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அவர்களில் இருந்தார்கள். ஆறாம் நாள் உயிரோடு எடுக்கப்பட்ட கர்நாடகத்தின் ஹனுமந்தப்பாவும் பிப்ரவரி 11-இல் டெல்லி மருத்துவமனையில் இறந்தார். நம் ஊர்களிலிருந்து பட்டாளத்துக்குப் போகிற பிள்ளைகள் நிற்கும் தரை அது. அந்தத் தரையின் குணம் நமக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

கரிசல்காட்டு உழவர் மழை நின்றதும் ஏரைப் பூட்டிவிடுவதில்லை. வரப்போரம் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளிப் பிசைந்து பார்ப்பார். கையில் அப்பினால் இன்னும் ஈரம் கூடுதல். உதிராமலும் அப்பாமலும் இருந்தால் பதம். பதம் வராத அன்று, பக்கத்துக் காட்டில் ஏர் ஓடினாலும் இவர் வீடு திரும்புவார்.

அஃபர்வட்டின் உச்சியிலும் அதுவே நடக்கிறது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து வந்தவர், தடமே படாத சரிவின் விளிம்பில் குழி வெட்டுகிறார். தட்டுகிறார். ஏழாம் தட்டில் தூண் நழுவுகிறது. குழியை மூடிவிட்டு, பலகைகளைத் தோளில் போட்டுக்கொண்டு, வந்த தடத்திலேயே கோண்டோலா நிலையத்துக்கு நடக்கிறார்.