சென்னை எப்படி ஆர்க்டிக் கடலுக்குப் போச்சு?

எஸ்க்யூஎல் தெரிஞ்சா எந்த டேட்டாபேஸிலும் வேலை பார்த்துடலாம்னு சொல்வாங்க. பெயர், விலை, தேதி வரைக்கும் அது ஓரளவு சரி. மேப் டேட்டான்னு வந்தா, ஒரே வரிக்கு ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு அர்த்தம். எரர் வந்தா பரவாயில்லை. எரரே வராம தப்பான பதில் வர்றதுதான் எனக்குப் பயம்.

சென்னையை எடுத்துக்குவோம். தீர்க்கரேகை 80.27, அட்சரேகை 13.08. 'பாயின்ட் 80.27 13.08'னு எழுதி, ஜிபிஎஸ்ஸுக்குப் பழகின 4326 சிஸ்டத்துல போஸ்ட்ஜிஐஎஸ்ஸிடம் கொடுத்தா, முதல் எண்ணைத் தீர்க்கரேகையா எடுத்துக்கும். சென்னை சென்னையிலேயே இருக்கும். அதே வரியை மைஎஸ்க்யூஎல் 8-க்குக் கொடுங்க. 4326-இன் அதிகாரபூர்வ வரையறைப்படி அது முதல் எண்ணை அட்சரேகைன்னு படிக்கும். புள்ளி நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளுக்கு வடக்கே கடலில் போய் விழும். அட்சரேகை 90-ஐத் தாண்டக்கூடாது. நம்ம 80 அதுக்குள்ள அடங்கிடுது, அதனால புகாரே வராது. டோக்கியோக்காரங்க அதிர்ஷ்டசாலிங்க. அவங்க தீர்க்கரேகை 139, உடனே எரர்!

பழைய 5.7 பூமியைத் தட்டையான தாளா நினைச்சுக் கணக்குப் போட்டது. 2018-ல் 8.0 வந்தபோதுதான் இது மாறியது. 'ஆக்ஸிஸ்-ஆர்டர்' ஆப்ஷன்ல 'லாங்-லாட்'னு கொடுத்தா சரியாகிடும்.

அடுத்தது அலகு. '500 மீட்டருக்குள்ள இருக்கிற மருந்துக்கடை'ன்னு நினைச்சு போஸ்ட்ஜிஐஎஸ்ஸில் எஸ்டி_டிவித்தின்ல 500 போடுறீங்க. காலம் 'ஜியோமெட்ரி' வகையா, 4326-ல இருந்தா, அது 500 டிகிரி. உலகத்துல இருக்கிற எல்லா மருந்துக்கடையும் வரும்! 'ஜியோகிராஃபி' வகைன்னா மீட்டர்.

ஷேப்ஃபைல் வேற ரகம். அதுக்குன்னு எஸ்க்யூஎல் எஞ்சின் கிடையாது. ஜிடால் தன்னோட ஓஜிஆர் எஸ்க்யூஎல்லை ஓட்டும். அங்கே சமக்குறி ஆங்கிலப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பார்க்காது. போஸ்ட்கிரெஸ் பார்க்கும். டேட்டாவை மாத்தினதும் சில வார்டுகள் காணாமப் போறது இதனாலதான்.

தூரத்தை அளந்து சரிபார்க்கலாமே? சென்னை–பெங்களூரு நேர்க்கோட்டில் சுமார் 290 கிலோமீட்டர். பதில் 2.68-ன்னு வந்தா அது டிகிரி, அலகுத் தப்பு மாட்டிக்கும். ஆனா எண்கள் இடம் மாறியிருந்தா, ரெண்டு ஊரும் சேர்ந்தே ஆர்க்டிக் போயிருக்கும். தூரம் 300-க்குப் பக்கத்துல வரும். யாருக்கும் சந்தேகம் வராது. அதனால மைஎஸ்க்யூஎல்ல எஸ்டி_லாட்டிட்யூட் போட்டு நேரா கேளுங்க. சென்னைக்கு 13 வரணும்.